கரிசல் வட்டாரத்தில் இரயில் நிறுத்தமும் காத்திருப்பும்: கடம்பூர்த் தடத்தை முன்வைத்து

முன்னுரை

இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் தடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த ஆண்டில் எவ்வூர்வரை பாதை நீண்டது, எச்சரக்கு எத்துறைமுகத்தை அடைந்தது என்பனவே அதில் முதன்மை பெறுகின்றன. வண்டி நின்று செல்லும் சிற்றிடங்கள் கால அட்டவணையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றன. கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையிலுள்ள குமாரபுரம், கடம்பூர் நிலையங்களை முன்வைத்து, கரிசல் வட்டாரத்தில் நிறுத்தம் எத்தகைய சமூக வெளியாக இயங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பருத்திக்கான தடம்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும், மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கும் செல்லும் மீட்டர் பாதை 1876இல் திறக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) இந்தியப் பருத்திக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியது. அதற்குமுன் கரிசல் பருத்தி மாட்டுவண்டிகளிலேயே துறைமுகத்தை அடைந்தது. மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும், பாதை முடங்கும். இருப்புப்பாதை இத்தடையை நீக்கியது. கோவில்பட்டியில் 1901இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் இப்பகுதியின் பருத்தி பெற்ற முதன்மையைக் காட்டும். ஆக, தடத்தின் நோக்கம் சரக்கு. மக்களின் போக்குவரத்து அதனுடன் சேர்ந்து வந்த பயன்.

இருவகை நிறுத்தங்கள்

சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. நகர டிராம் நிறுத்தத்தில் பயணி காத்திருப்பார், வண்டி காத்திருப்பதில்லை. ஒற்றைப் பாதையில் அமைந்த கரிசல் நிலையத்திலோ எதிர்வண்டி கடந்து செல்லும்வரை வண்டியும் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தொழில்நுட்பக் குறையாக மட்டும் கருதுவது போதாது. அது உரையாடலுக்கும் வணிகத்திற்கும் இடமளித்த நேரமாகும்.

காத்திருப்பு அரசியல் வரலாற்றிலும் பதிந்துள்ளது. 1911 சூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், இணைப்பு வண்டிக்காகப் பெட்டியில் காத்திருந்த மாவட்ட ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி என வழங்குகிறது.

இலக்கியச் சான்று

இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி (1923–1970) எழுதிய ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ சிறுகதை இவ்வாய்வுக்கு இன்றியமையாத சான்றாகும். ஊர் அருகில் இல்லாத காட்டுநிலையம் எதற்கு என்ற ஐயம் அக்கதையில் எழுகிறது. உயர்நிலைப் பள்ளியில் சேரக் கோவில்பட்டிக்குச் செல்லும் கிராமத்துச் சிறுவர்களின் பயணம் அதற்கு விடையாகிறது. வருவாய்க் கணக்கில் பொருளற்றதாகத் தோன்றும் நிலையம், ஒரு தலைமுறையின் கல்விக்கு வாயிலாக அமைகிறது. பருத்திக்காக இடப்பட்ட பாதையை மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டதை இக்கதை பதிவுசெய்கிறது.

போளியும் நிறுத்த நேரமும்

கடம்பூரின் பெயரைப் பயணிகளிடையே நிலைநிறுத்தியது போளி. பூரணம் வைத்துத் தட்டிச் சுடப்படும் இப்பண்டம் நடைமேடையிலும் வண்டிப் பெட்டிகளிலும் விற்கப்பட்டு, ‘கடம்பூர்ப் போளி’ என ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. மானாவாரி வேளாண்மையில் மழை பொய்த்தால் வருவாயும் பொய்க்கும். இத்தகைய வட்டாரத்தில் வழிப்போக்கரின் பணம் ஊருக்குள் வருவதற்கு நிலையம் ஒரு வாயிலாயிற்று. அவ்வணிகத்தின் முதல் மூலப்பொருள் வண்டி நிற்கும் நேரமே எனலாம்.

இத்தடம் அகலப்பாதையாக மாறி, 2020களின் தொடக்கத்தில் இரட்டைப் பாதையாகவும் விரிந்தது. பயண நேரம் குறைவது கரிசல் மக்களுக்கும் நன்மையே. எனினும் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கும்போது, அதனைச் சார்ந்த சிறுவணிகத்தின் அடிப்படையும் தளர்கிறது. விரைவினால் வரும் ஆதாயத்தைக் கணக்கிடும் அளவுகோல்கள் இவ்விழப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

முடிவுரை

தடம் எதற்காக இடப்பட்டது என்பதைக் கொண்டு நிறுத்தத்தின் வரலாற்றை முழுமையாக அறிய இயலாது. அதனை யார், எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே முதன்மையான வினா. சிறுநிலையம் ஒன்றைத் தொடர்வதா, மூடுவதா என முடிவெடுக்கும்போது பயணச்சீட்டு வருவாயை மட்டும் நோக்குவது, குமாரபுரத்தில் எழுந்த ஐயத்தை மீண்டும் எழுப்புவதாகும். அதற்கான விடை அங்கு ஏறி இறங்கியோரின் வாழ்வில் உள்ளது.