வாசல்வரை வரும் சரக்கு: கடைசி மைலின் செலவு யார் தலையில்?

சூரத்தில் ஒரு புடவைக் கட்டு லாரியில் ஏறும். எல்.ஆர். என்ற லாரி ரசீது சேலத்து மொத்த வியாபாரியின் கைக்கு வரும். அவர் பார்சல் ஆபீசுக்கு ஆள் அனுப்பி, ‘டூ-பே’ என்றால் லாரி வாடகையைக் கட்டிவிட்டுக் கட்டை எடுத்துக்கொள்வார். இதற்கு கோடவுன் டெலிவரி என்று பெயர். அங்கிருந்து சில்லறைக் கடைக்குப் போகும் புடவையை, பஸ் ஏறி வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர் வாங்கியவரே. அந்தக் கடைசிச் சுமைக்கு எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் இடம் இருந்ததில்லை.

இணையவழி வணிகம் சரக்குப் போக்குவரத்தை எப்படி மாற்றியது என்று கேட்டால், வேகம் கூடியது என்பதே வழக்கமான பதில். வேகத்தைவிட ஆழமான மாற்றம் சரக்கின் அலகில் நடந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கட்டு பிரிந்து ஒற்றைப் பொட்டலமாயிற்று. வாங்குபவர் சுமந்த கடைசித் தூரம் கூலிவேலையாயிற்று. ஆனால் அந்த வேலையில் உள்ள நட்ட அபாயம் மட்டும் கூலிக்கணக்கில் ஏறவே இல்லை.

2007இல் பெங்களூருவில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், முதலில் ஊரில் இருந்த கூரியர்களையே நம்பியிருந்தது. அவை கடிதமும் ஆவணமும் கொண்டுசேர்ப்பதில் தேர்ந்தவை; வாசலில் நின்று காசு வாங்கிக் கணக்கு ஒப்படைப்பது அவற்றின் வழக்கமான தொழில் அல்ல. 2009இல் ஃபிளிப்கார்ட் ஈகார்ட் என்ற தன் சொந்த விநியோகப் பிரிவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் சி.ஓ.டி. முறை வந்தது. 2011இல் டெல்லிவரி, 2012இல் எக்காம் எக்ஸ்பிரஸ், 2013இல் இந்தியச் சந்தைக்குள் அமேசான் என்று அடுத்தடுத்து வந்தன.

அட்டை இல்லாத, முன்பணம் கட்டத் தயங்கிய கோடிக்கணக்கானோரைச் சந்தைக்குள் கொண்டுவந்தது சி.ஓ.டி.தான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. காசு கொடுக்காதவருக்கு வாசலில் ‘வேண்டாம்’ என்று சொல்வதில் நட்டமில்லை. அந்தப் பொட்டலம் ஹப்புக்குத் திரும்பி, வந்த வழியே விற்றவரிடம் போய்ச் சேரவேண்டும். தொழிலில் இதை ஆர்.டி.ஓ. என்கிறார்கள். பழைய லாரித் தொழிலில் வண்டி காலியாகத் திரும்புவதுதான் பெரிய கவலை. இப்போது விற்காத சரக்கையே ஏற்றிக்கொண்டு திரும்புவதும் சேர்ந்துகொண்டது.

கிடங்குகளின் வரைபடத்தையே மாற்றி எழுதியது வரிச்சட்டம். முன்பு மாநில எல்லை தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி. சொந்தக் கிளைக்குச் சரக்கை மாற்றினால் அந்த வரி இல்லை. அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறு கோடவுன். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தத் தேவை போயிற்று, எல்லைச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. தூரத்தையும் சாலையையும் பார்த்துப் பெரிய கிடங்குகள் எழுந்தன. சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கமும் செங்குன்றம் பக்கமும் இன்று காணும் நீண்ட கூரைகள் அந்த மாற்றத்தின் விளைவு.

கட்டணம் போடும் முறையிலும் பொட்டலம் தன் விதியைக் கொண்டுவந்தது. 50 செ.மீ. நீளம், 40 அகலம், 25 உயரமுள்ள பெட்டியில் ஒரு தலையணை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தராசில் அது ஒரு கிலோவைத் தாண்டாது. ஆனால் மூன்று அளவுகளையும் பெருக்கி 5,000ஆல் வகுப்பது கூரியர்களின் வழக்கம். விடை 10 கிலோ, கட்டணமும் அதற்கே. வண்டியில் விற்கப்படுவது இடம் என்பதால் இந்தக் கணக்கு நியாயமே. பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குக்கூட விலை போடத் தெரிந்த தொழில் இது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைக்கலாம்.

ஏனெனில், விலை போடாத ஓர் இடம் பாக்கி இருக்கிறது. 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண், கடிதங்களை அஞ்சலகம்வரை பிரித்து அனுப்புவதற்கானது. ஒரே எண்ணுக்குள் பல கிராமங்கள் அடங்கும். மீதி வழியைத் தெரு அறிந்த தபால்காரர் பார்த்துக்கொண்டார். இன்று அதே எண்ணோடும் ‘மாரியம்மன் கோயில் பின்புறம்’ என்ற குறிப்போடும் பைக்கில் வருபவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2025இல் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டை ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அது பரவலாகும்வரை வழி கேட்டுப் போன் பண்ணுவதும், பூட்டிய கதவைத் தட்டுவதும், நாளை வரச் சொன்னவருக்காக மறுபடி வருவதும் அந்த இளைஞரின் நேரம், அந்த இளைஞரின் பெட்ரோல். பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரில் பலருக்கு, ஒப்படைத்த பொட்டலத்துக்குத்தான் காசு.

செயலிவழியாகவும் பிற வழிகளிலும் ‘கிக்’ எனப்படும் நிரந்தரமற்ற வேலை செய்வோர் 2020–21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029–30இல் 2.35 கோடியாவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. பொட்டலம் கொண்டுசேர்ப்போர் அதில் ஒரு பகுதி. தமிழ்நாட்டு அரசு 2023இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைத்தது, உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ். சுமைதூக்குவோரும் பைக் ஓட்டுவோரும் ஒரே சட்டத்தின் நிழலுக்குள் வந்தது பொருத்தமான முடிவு.

மத்தியச் சட்டத்தில்தான் சிக்கல். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதி தரவேண்டும் என்கிறது. ஆனால் அத்தொகை, தொழிலாளருக்குக் கொடுத்த பணத்தில் 5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. கூலி கிடைக்காத நடை இந்த 5 விழுக்காட்டுக் கணக்கிலும் சேராது. அன்றைய கூலியிலும் இழப்பு, நாளைய பாதுகாப்பிலும் இழப்பு. இதை மாற்றப் புதுக் கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று செயலியில் பதிவாகும் ஒவ்வொரு முயற்சியும் நேரத்தோடும் இடத்தோடும் நிறுவனத்திடமே இருக்கிறது. விதி வகுப்போர் கேட்கவேண்டியது இரண்டு: அந்த முயற்சிகளின் எண்ணிக்கை தொழிலாளரின் கூலிச்சீட்டில் வரவேண்டும், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை தரப்படவேண்டும்.