திக்குவாய்: ஒரு தொழிற்சாலைப் பகுதியின் பார்வையில்

திக்குவாய் என்பது, சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருந்தும் பேச்சின் ஓட்டம் தடைபடும் நிலை. சொல்லின் முதல் ஒலி திரும்பத் திரும்ப வரும், அல்லது இழுபடும், அல்லது வாய் திறந்தபடி நிற்கும், ஒலியே எழாது. கண்ணை இறுக மூடுவது, தாடை வெட்டி இழுப்பது, தொடையில் தட்டுவது எல்லாம் அந்தத் தடையை உடைக்க உடல் தானாகப் பழகிக்கொண்டவை. பெரும்பாலோருக்கு 2 முதல் 5 வயதுக்குள் இது தொடங்குகிறது. 100 குழந்தைகளில் ஐந்து பேருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்கும். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நின்றுவிடும். பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணிப்பு. பெண் ஒருவருக்கு ஆண்கள் நால்வர் என்ற விகிதத்தில் ஆண்களிடமே மிகுதி.

பயமோ அதிர்ச்சியோ வளர்ப்புக் குறையோ இதற்குக் காரணம் அல்ல. இது குடும்ப வழியாக வருவது உண்டு. மரபியலாளர் டென்னிஸ் டிரேனாவின் ஆய்வுக் குழு, பாகிஸ்தான் குடும்பங்களிலிருந்து தொடங்கிய ஆய்வில், திக்குவாயோடு தொடர்புடைய மாற்றங்களை மூன்று மரபணுக்களில் கண்டு 2010இல் வெளியிட்டது. பேச்சுத் தசைகளை இயக்கும் மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் சிறு வேறுபாடுகள் இருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் நம் வீடுகளில் முதலில் வருவது வசம்பு. அதைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் திருச்செந்தூருக்கு வேண்டுதல். ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரருக்கு அங்கேதான் பேச்சு வந்தது என்பது மரபு. இதில் பெற்றோரின் அன்புக்குக் குறைவில்லை. ஆனாலும் தன் நாக்கில் ஏதோ பழுது இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வரை வாயைத் திறக்கக்கூடாது என்ற பாடத்தைத்தான் குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

திக்குபவர் எல்லா நேரமும் திக்குவதில்லை. பாடும்போது திக்காது. தனியாக இருக்கையில், கைக்குழந்தையைக் கொஞ்சுகையில் அனேகமாகத் திக்காது. பலரோடு ஒரே குரலில் சொல்லும்போது ஏறக்குறைய யாருக்குமே திக்காது. இதை ஆய்வுக்கூடத்தில்தான் காண வேண்டும் என்பதில்லை. 1998இல் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து, 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்ட ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியை எடுத்துக்கொள்வோம். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். தொழிலாளர்கள் வரிசையில் நின்று உறுதிமொழியைச் சேர்ந்து சொல்லும்போது, திக்குவாய் உள்ளவரின் குரல் மற்றவர் குரலோடு தடையின்றிப் போகும். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கோஷ்டியாகப் பிரபந்தம் சேவிப்பவருக்கும் இது பொருந்தும். பெரும் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காதபோதும் பலருக்குத் திக்கல் குறைகிறது. ஆகவே பிரஸ் ஷாப்பில் கத்திப் பேசி வேலை வாங்கும் ஒருவர், கண்ணாடிக் கதவு போட்ட அமைதியான அறைக்குள் போனதும் அடைத்துக்கொண்டு நிற்பது நடிப்பு அல்ல.

மிகக் கடினமான சொல் எது என்று கேட்டால், பெரும்பாலானவர் தம் பெயரைத்தான் சொல்வார்கள். மற்ற சொற்களுக்கு மாற்றுச் சொல் தேடலாம்; பெயருக்கு மாற்று இல்லை. ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்து நேர்முகத்துக்கு வரும் இளைஞரிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான். அடுத்து ஊர், தகப்பனார் பெயர், படித்த இடம். எதற்கும் மாற்றுச் சொல் கிடையாது. கையில் வேலை நன்றாக ஓடுகிறவர் தொலைபேசி நேர்முகத்தோடு வெளியேறிவிடும் இடம் இதுதான். உள்ளே வந்தவருக்கும், ஷிஃப்ட் மாறும்போது எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டிய ஐந்து நிமிடம் இருக்கிறது. லைன் லீடர் பதவி வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க அந்த ஐந்து நிமிடமே போதும்.

மறைப்பதற்குத் தமிழ் நிறையவே இடம் தருகிறது. சொற்களை முன்பின்னாக மாற்றலாம். ‘நாளைக்கு வரேன்’ என்பதில் ‘நா’ அடைத்தால் ‘வரேன், நாளைக்கு’ எனலாம். ‘வந்து’, ‘அதாவது’ என்று இழுத்து நேரம் வாங்கலாம். ‘அண்ணே’, ‘சார்’ என்று எளிதாக வரும் சொல்லில் தொடங்கி, அந்த வேகத்தில் அடுத்ததைத் தாண்டலாம். இதில் கைதேர்ந்தவருக்குத் திக்குவாய் இருப்பதே மனைவிக்குக்கூடத் தெரியாமல் போகலாம். அதற்கான விலை பெரிது. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், சொல்ல முடிந்ததையே சொல்லிக்கொண்டு அவர் வாழ்கிறார். பசித்தது எதற்கோ, கேன்டீனில் கேட்டு வாங்கியது வேறெதையோ. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டதும் இதனால்தான்: கேட்கிற திக்கல் நீருக்கு மேலே இருப்பது, வெட்கமும் அச்சமும் தவிர்த்தலும் அடியில் கிடக்கும் பெரும்பகுதி.

ஏற்றுக்கொள்ளுதல் என்ற கருத்து இங்கேதான் பிறக்கிறது. அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) கடுமையாகத் திக்கியவர். இளமையில் காது கேளாத, வாய் பேசாதவராக நடித்துப் பண்ணையில் கூலி வேலை செய்தவர். வழியில் அவரைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒரு முதியவரும் திக்குபவரே. இப்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்டுவதில்லை, சொற்களை மெல்லக் கசியவிடுகிறேன் என்ற பொருளில் அவர் சொன்னது தம் வாழ்க்கையைத் திருப்பியதாக வான் ரைப்பர் பின்னாளில் எழுதினார். திக்காமல் பேசக் கற்பதை விட்டு, போராட்டமில்லாமல் திக்கக் கற்பது என்ற சிகிச்சை முறை அவரால் வேரூன்றியது. வேண்டுமென்றே திக்கிக் காட்டுவது அதன் ஒரு பயிற்சி. ஒளித்ததைத் தானே வெளியே வைத்த பிறகு பயத்துக்குப் பிடிமானம் குறைகிறது.

இந்தியாவில் இந்த வழியை எடுத்துக்கொண்டது, தாமும் திக்குபவரான மருத்துவர் சத்யேந்திர ஸ்ரீவாஸ்தவா உத்தராகண்டிலிருந்து 2008இல் தொடங்கிய ‘த இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்’. சென்னை உட்படப் பல நகரங்களில் அதன் சுயஉதவிக் குழுக்கள் கூடியிருக்கின்றன. அங்கே யாரும் யாரையும் குணப்படுத்துவதில்லை. முன்பின் தெரியாதவரிடம் திக்கியபடியே வழி கேட்டுவிட்டு வரும் துணிவைப் பழகுகிறார்கள். அதற்கு முன்னோடி வேண்டுமானால் பக்கத்து மாநிலத்தில் உண்டு. 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு வாழ்நாள் முழுதும் மேடைகளில் திக்கியே பேசினார். எப்போதுமே திக்குமா என்று கேட்டவரிடம், இல்லை, பேசும்போது மட்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

ஏற்றுக்கொள்ளுதல் என்பது கைவிடுதல் ஆகாது. பேச்சுப் பயிற்சி எந்த வயதிலும் உதவும். குழந்தைக்கு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் அதற்கெனத் தனித்துறை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எட்டும் தொலைவுதான். இன்னொன்று, இதைத் தனி மனிதர் மட்டும் செய்து முடிக்க முடியாது. கேட்பவர் பாதிச் சொல்லைப் பிடுங்கி முடித்துவைத்தாலோ, ‘பதறாம பேசு’ என்று அறிவுரை சொன்னாலோ, ஏற்றுக்கொண்டவரும் மறுபடி ஒளியத் தொடங்குவார். கண்ணைப் பார்த்துக் காத்திருப்பதே போதும். தொடக்கத்திலேயே ‘எனக்குத் திக்கும், கொஞ்ச நேரம் எடுக்கும்’ என்று சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

சட்டம் இன்னும் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பேச்சு, மொழிக் குறைபாடு அவற்றில் ஒன்று. ஆனால் அதற்குச் சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள், குரல்வளை அகற்றப்பட்ட நிலையும் மூளைப் பாதிப்பால் மொழி இழந்த நிலையும். திக்குவாய் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆயினும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. தொலைபேசி நேர்முகத்துக்குப் பதில் நேரில் வரலாம், கேள்விக்குக் கூடுதல் நேரம் உண்டு, ஷிஃப்ட் விவரத்தைப் பலகையில் எழுதியும் ஒப்படைக்கலாம் என்ற மூன்று வரிகளை அதில் சேர்க்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தக் கத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எந்த லைனிலும் இருக்கக்கூடாது. கைக்கெட்டும் சிவப்புப் பொத்தானும் விளக்கும் அங்கே எல்லோரையும் காக்கின்றன. சுழற்சி ஷிஃப்டில் இருப்பவரால் வாரந்தோறும் பகலில் மருத்துவமனைக்குப் போக முடியாது. 500 பேருக்கு மேல் உள்ள ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலத்து விதி; அந்த அறைக்கு மாதம் ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளர் வந்துபோக ஏற்பாடு செய்வது ஆலைகளுக்குப் பெரிய செலவல்ல.