ஏட்டில் எழுதிய பெயர்கள்

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். ஆபிரகாம் முதல் சூசையப்பர் வரை செல்லும் அந்தப் பெயர் வரிசை பூசையில் வாசிக்கப்படும்போது, நம்மில் எத்தனை பேர் கவனத்தோடு கேட்டிருக்கிறோம்? "இத்தனை பெயர்கள் எதற்கு?" என்று நினைத்தவர்களே அதிகம். ஆயினும் மீட்பின் வரலாறு பெயர்களோடுதான் தொடங்குகிறது. ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், தம் முன்னோரின் பெயர்களைத் தேடிச் செல்லும் ஒரு தொலைநாட்டு மக்களின் அனுபவத்தை இங்கே சிறிது சிந்திப்போம். அந்நாடு ஸ்காட்லாந்து.

1560-ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் பாப்பரசரின் அதிகாரத்தை நீக்கித் திருப்பலியையும் தடை செய்தது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கர் மறைந்து வாழ்ந்தனர். வடகிழக்கே டைனெட் என்னும் இடத்தில் 1755-ல் எழுந்த சிற்றாலயம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆட்டுக்கொட்டகையாகத் தோன்றும்படி கட்டப்பட்டது. ஆலயத்தையே மறைத்தவர்கள், விசுவாசிகளின் பெயர்களை ஏட்டில் எழுதி வைக்கத் துணிவார்களா? ஆகவே அக்காலத்துக் கத்தோலிக்க ஞானஸ்நான ஏடுகள் மிகச் சிலவே. 1829-ல் சட்டத் தடைகள் பெரும்பாலும் நீங்கின. 1878-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் அந்நாட்டில் மேற்றிராசனங்களை மீண்டும் நிறுவினார். பெயரில்லாமல் போன அந்தத் தலைமுறைகளை இன்று தேடுவது எப்படி?

ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் "ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்" என்ற பெயரில் இணையத்தில் ஒரு பெரும் களஞ்சியத்தைத் திறந்து வைத்துள்ளது. அரசு சார்ந்த திருச்சபையின் பங்கு ஏடுகள் 1553 முதல் 1854 வரை அதில் உள்ளன. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அனைத்தையும் அரசே பதிவு செய்யத் தொடங்கியது. 1841 முதல் 1921 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளும், கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளும் அங்கேயே இருக்கின்றன. பதிவின் படத்தைப் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. உயிரோடிருப்போரின் மானம் காக்க, 100 ஆண்டுக்குட்பட்ட பிறப்பு, 75 ஆண்டுக்குட்பட்ட திருமணம், 50 ஆண்டுக்குட்பட்ட இறப்பு ஆகியவற்றின் படங்கள் இணையத்தில் காட்டப்படுவதில்லை.

இந்த ஏடுகளில் ஒரு சிறப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்படுகிறது. 1780-ல் பிறந்த ஒரு கத்தோலிக்க மூதாட்டிக்கு ஞானஸ்நான ஏடு இல்லாமற் போகலாம். ஆனால் அவர் 1860-ல் இறந்திருந்தால், தடைக்காலத்தில் வாழ்ந்த அவருடைய பெற்றோரின் பெயர்கள் அந்த இறப்புப் பதிவில் வெளிப்படும். வாழ்வில் மறைக்கப்பட்ட பெயர், சாவில் எழுதப்பட்டது!

தேடுவோர் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: தம்மிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும், தாவக் கூடாது. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் இடுவது அங்கே பழைய வழக்கம். பாட்டன் பேரைச் சுமப்பவனைப் "பேரன்" என்றழைக்கும் நமக்கு இது புதிதன்று. ஆனால் இதனாலேயே ஒரே ஊரில் ஒரே பெயருடைய பலர் இருந்தனர். அவசரப்பட்டால் பிறருடைய பாட்டனாரை நம் பாட்டனாராக ஏற்றுவிடுவோம். போதாக்குறைக்கு, குருக்கள் பெயர்களை லத்தீனில் எழுதினர். "யாக்கோபுஸ்" என்று கண்டால் வீட்டில் அவர் ஜேம்ஸ் என்றோ ஹேமிஷ் என்றோ அழைக்கப்பட்டிருப்பார். யாகப்பனும் சந்தியாகுவும் ஒரே அப்போஸ்தலரின் பெயர்தான் என்று அறிந்த நமக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும்.

1840-களின் பெரும் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து ஏராளமானோர் கிளாஸ்கோ நகருக்கு வந்து குடியேறினர். அவர்களின் சந்ததியாருக்குத் தேடல் பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு. கணக்கு ஏட்டில் பிறந்த ஊர் இருக்க வேண்டிய இடத்தில் "அயர்லாந்து" என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கும். அயர்லாந்து ஏடுகளுக்கு நேர்ந்ததோ பெருந்துயரம். 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரப் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயின. ஆனால் கத்தோலிக்க ஞானஸ்நான ஏடுகள் தப்பின. ஏன்? அவை காப்பகத்தில் இல்லை, பங்குகளிலேயே இருந்தன. அவற்றின் படங்களை 2015-ல் அயர்லாந்து தேசிய நூலகம் கட்டணமின்றி இணையத்தில் வெளியிட்டது. அரசு இழந்ததை ஏழைப் பங்கின் அலமாரி காத்துத் தந்தது.

தேடுவோருக்குக் கசப்பும் காத்திருக்கும். தந்தையின் பெயர் இல்லாத பிறப்புப் பதிவைக் காண்பார்கள். பிள்ளையை முறைதவறிப் பிறந்ததாகக் குறிக்கும் கடுஞ்சொல்லையும் காண்பார்கள். அந்த ஏட்டை மூடிவிடலாமா? மத்தேயு மூடவில்லையே! தாமாரையும் இராகாபையும் அவர் மறைக்காமல் எழுதினார். அத்தகைய வம்சத்தில்தான் நம் ஆண்டவர் பிறக்கத் திருவுளமானார். உண்மையை ஏற்போம், யாரையும் தீர்ப்பிடாதிருப்போம்.

2010-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர், மேரி மக்கிலொப் அம்மையாரைப் புனிதராக அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரான இவர் 1842-ல் மெல்போர்னில் பிறந்தவர். தாயும் தந்தையுமோ ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற கத்தோலிக்கர். மலைக்குடிசைகளில் காக்கப்பட்ட விசுவாசம் கடல் கடந்து ஒரு புனிதரைத் தந்தது. எந்தப் பெயர் எங்கே கனி தரும் என்பதை யார் அறிவார்?

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் பங்கு அலமாரியிலும் ஞானஸ்நான ஏடுகள் உள்ளன. அவற்றுக்கு நெருப்பு வேண்டியதில்லை. கரையானும் மழை ஈரமும் போதும். ஏடுகளைக் காக்கும் பொறுப்பு பங்குக் குருவுக்கு மட்டும் உரியதன்று. இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யட்டும். வீட்டிலுள்ள முதியவரின் அருகில் அமர்ந்து, அவருடைய தாய் தந்தையர், பாட்டன் பாட்டியரின் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்போம். பாட்டியின் பிறந்த ஊரையும் மறவாமல் கேட்போம். அவர் கண் மூடியபின் கேட்க ஆளில்லை. எழுதாத பெயரை எந்தக் கணினியாலும் தேடித் தர இயலாது.