பன்றியிலிருந்து பந்திக்கு

ஐரோப்பிய அறுப்புக்கூடங்களில் பன்றியின் தொடையும் விலாவும் கறிக்கடைக்குப் போன பிறகு, கணையம் தனியாக வேறு வண்டி ஏறுகிறது. எடுத்த வேகத்தில் அதை உறைய வைத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் நொதிகள் அந்தச் சுரப்பியையே செரிக்கத் தொடங்கிவிடும். கடைசியில் மும்பையின் சயானிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ, கணையம் போதிய நொதி சுரக்காதவர்களுக்கு மெடிக்கல்காரர் எடுத்து நீட்டும் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது அந்தச் சுரப்பியின் சாரம்தான்.

சுரப்பியை அரைத்து, கொழுப்பை நீக்கி, உலர்த்தினால் கிடைக்கும் பொடிக்குப் பேங்க்ரியாட்டின் என்று பெயர். இந்தியாவில் பலருக்குத் தெரிந்த கிரியான், ஜெர்மனியில் நாய்ஸ்டாட் என்ற ஊரில் தயாராவது. பெட்டியில் 25000 என்று போட்டிருப்பதைப் பார்த்து அரண்டு போகிறவர்கள் உண்டு. அது எடை அல்ல, கொழுப்பை உடைக்கும் லைபேஸ் எவ்வளவு வேலை செய்யும் என்பதன் அலகு. உள்ளே உள்ள பேங்க்ரியாட்டின் 300 மில்லிகிராம்தான். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினால் கேழ்வரகு போலப் பழுப்பு மணிகள் உருளும். ஒவ்வொரு மணிக்கும் மேலே ஒரு பூச்சு. ரகசியம் முழுக்க அந்தப் பூச்சில் இருக்கிறது.

லைபேஸுக்கு அமிலம் ஆகாது, இரைப்பையைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். பூச்சு அமிலத்தைத் தாங்கி, அமிலம் தணிந்த முன்சிறுகுடலில் கரைய வேண்டும். மணிகள் பொடியாக இருந்தால்தான் சோற்றோடு கலந்து அதோடு சேர்ந்தே கீழே இறங்கும். கணையம் கொழுப்பைச் செரிக்கிறது என்று காட்டியவர் பிரெஞ்சுக்காரர் கிளோட் பெர்னார். முயலுக்குப் பித்தக்குழாய் திறக்கும் இடத்துக்கு வெகு கீழேதான் கணையக்குழாய் திறக்கிறது. கொழுப்பு தின்ற முயலை அறுத்துப் பார்த்தால், கணைய நீர் வந்து கலந்த இடத்துக்குப் பிறகுதான் குடலின் நிணநாளங்கள் பாலாய் வெளுத்திருந்தன. அவருடைய நூல் 1856இல் வந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் வெறும் பொடியை நோயாளிக்குக் கொடுத்தார்கள். பெரும்பகுதி வயிற்றிலேயே வீணானது.

நம் பக்கத்துக் கதை வேறு. கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் என்ற மருத்துவர் ஒரு கூட்டம் நோயாளிகளைக் கவனித்தார். சிறு வயதில் வயிற்றுவலி, பருவ வயதில் சர்க்கரை, எக்ஸ்ரேயில் கணையம் முழுக்கக் கல். குடித்துக் கெட்டவர்கள் அல்லர், இளைஞர்கள். அவர் எழுதிய ‘பேங்க்ரியாட்டிக் டயாபடீஸ்’ 1968இல் பம்பாயில்தான், பாப்புலர் பிரகாஷன் வெளியீடாக அச்சானது. காரணம் இதுதான் என்று மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி விழுந்தது. பின்னால் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் பலரிடம் தெரிந்ததும் கிழங்கின் மேலிருந்த சந்தேகம் தளர்ந்தது. சென்னையில் வி. மோகன் குழுவினர் இந்தச் சர்க்கரை நோயைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மும்பையில் இந்தக் கேப்ஸ்யூலுக்கு வேறு வாடிக்கையாளரும் உண்டு: குடியால் கணையம் கெட்டவர்கள், பரேல் டாடா மருத்துவமனை போன்ற இடங்களில் புற்றுநோய்க்காகக் கணையத்தை வெட்டியெடுத்துக்கொண்டவர்கள்.

இவ்வளவு தூரம் வந்த பொருள், தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேராமல் நிற்பது கடைசி மைலில்தான். நொதிச் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழும்வரை மலத்தில் கொழுப்பு தெரியாது. தெரியும்போது டாக்டர் கேட்கும் கேள்வி: “பேசின்ல எண்ணெயா ஒட்டுதா? தண்ணி ஊத்தினாலும் போகலையா?” தாராவிப் பொதுச் சண்டாஸில் பின்னால் ஆள் வரிசை கட்டி நிற்க, யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? போதாததற்கு, வயிறு கோளாறு செய்கிறதென்று எண்ணெயை ஒதுக்கிக் கஞ்சி குடித்தே காலம் தள்ளுகிறவருக்கு அந்த அடையாளமும் வெளியே வராது. எடை மட்டும் குறையும். டிபி என்று சந்தேகப்படுவார்கள், மும்பையில் அது நியாயமான சந்தேகமும்கூட. இதற்கிடையில் கடையில் கேட்டு வாங்கும் செரிமான மாத்திரை வேறு. அவற்றில் பலவற்றில் இருப்பது பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸும் பப்பாளிப் பாலின் பப்பேயினும். கொழுப்பை அவை தொடாது.

சோதனை எளிது. சிறிதளவு மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாட்டுக்கு அடையாளம், 100க்குக் கீழே என்றால் கடுமை. அந்தச் சோதனை மனித எலாஸ்டேஸை மட்டுமே இனம் காணும், பன்றியுடையதை ஏமாந்தும் எண்ணாது. அதனால் கேப்ஸ்யூலை நிறுத்தாமலே கொடுக்கலாம். தண்ணீராய்ப் போகும் மலத்தை மட்டும் கொடுக்கக் கூடாது, கணக்கு பொய்யாகக் குறைந்து காட்டும்.

பன்றி என்றதும் வரும் தயக்கத்தை டாக்டர்கள் பேசாமல் கடந்துவிடுகிறார்கள், அது தவறு என்பேன். தாராவி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிட்டு வளர்த்த இடம். மாட்டுங்காவில் முட்டைகூடத் தொடாத வீடுகள். சொல்லாமல் கொடுத்து, பிறகு பேரன் போனில் பார்த்துச் சொல்லித் தெரிந்துகொண்டால் மருந்தும் போகும், டாக்டர்மேல் வைத்த நம்பிக்கையும் போகும். மாற்று இல்லாத நிலையில் நிர்ப்பந்தம் என்ற வகையில் அனுமதி உண்டு என்று உலமாக்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதை நோயாளி தம் ஹஜ்ரத்திடமே கேட்டுத் தெளியட்டும், மாத்திரை எழுதும் முன்பே.

சாப்பிடும் முறையில்தான் பெரிய குழப்பம். நம் ஆட்களுக்கு மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன் அல்லது பின். இது சாப்பாட்டோடு. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று. பெரியவர்களுக்குப் பெருஞ்சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு வரை, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம். டாக்டர் பார்த்துக் கூட்டுவார். வடாபாவும் சிற்றுண்டிதான், வெறும் கருப்புக் காபிக்குத் தேவையில்லை. விழுங்க முடியாதவர்கள் மணிகளைப் புளிப்பான பழக்கூழில் கலந்து மெல்லாமல் விழுங்கலாம். நசுக்கினால் பூச்சு போய்விடும். மூன்று வேளைக்கு இரண்டிரண்டு என்றால் மாதம் 180, சில்லறைத் தீனி தனி. காசு கட்டுப்படியாகாமல் வேளைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, மருந்து கேட்கவில்லை என்று வருகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், கொழுப்போடு சேர்ந்து அவையும் ஒழுகியிருக்கும். மருந்து கேட்டால், எடை ஏறும். கூடவே சர்க்கரையும் ஏறலாம், சாப்பிட்டது இப்போது உடம்பில் சேர்கிறது அல்லவா! இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும். இதை முதல் நாளே சொல்லிவைக்காவிட்டால், கேப்ஸ்யூல்தான் சர்க்கரையை ஏற்றிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள்.