பழவேற்காட்டுல தங்க இடம் கிடைக்குமா? (400 வருஷமா கேக்குற கேள்வி)

சென்னைக்காரங்களுக்கு பழவேற்காடுன்னா காலைல போய், இறால் சாப்பிட்டு, ஏரியைப் பாத்துட்டு, இருட்டுறதுக்குள்ள திரும்புற ஊர். "ஒரு ராத்திரி தங்கணும், லாட்ஜா, ரிசார்ட்டா, மீனவர் வீடா, எதுப்பா நல்லது?"ன்னு போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். பதில் கடைசில இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாகணும். பழவேற்காட்டுல தங்குற ஏற்பாடு சரிப்படாம ஒரு கூட்டம் மூட்டை கட்டினதுலதான் நம்ம மதராஸ் கதையே ஆரம்பிக்குது.

16ஆம் நூற்றாண்டுலயே போர்ச்சுகீசியர் இங்க வந்து போயிட்டு இருந்தாங்க. அப்புறம் வந்த டச்சுக்காரங்க சந்திரகிரி அரசர் வேங்கடபதி ராயர்கிட்ட அனுமதி வாங்கி 1610ல பண்டகசாலை போட்டாங்க. சாந்தோம்ல இருந்த போர்ச்சுகீசியருக்கு பொறுக்குமா? 1612ல வந்து அடிச்சு நொறுக்கிட்டாங்க. அதுக்கு மறுவருஷம் எழும்பினதுதான் கெல்ட்ரியா கோட்டை. கோட்டையை முடிச்ச வெம்மர் வான் பெர்கெமோட சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அந்தப் பேரையே வெச்சுட்டார். (வெளிநாட்டுல போய் வீடு கட்டி அதுக்கு சொந்த ஊர் பேர் வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லைங்க.)

இப்ப இங்கிலீஷ்காரங்க வர்றாங்க. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கிழக்கே மிளகு, கிராம்பு வியாபாரத்துல ரெண்டு நாட்டுக்காரங்களும் ஓயாம அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. 1619ல ஐரோப்பாவுல உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுப்படி பழவேற்காட்டு வியாபாரத்துல இங்கிலீஷ்காரங்களுக்கும் பங்கு உண்டு. ஆனா கோட்டைக் காவல்படை செலவுல பாதியை அவங்க குடுக்கணும். 1621ல வந்து இறங்கினாங்க. வீட்டுக்காரர் வாடகையைக் கறாரா வாங்குவார், ஆனா அடுப்படியை மட்டும் விடமாட்டார்னு வெச்சுக்கோங்க, அந்த மாதிரி ஒரு குடித்தனம். கோட்டை டச்சுக்காரங்க கையில, துணி நெய்யுற ஊர்களோட பழக்கமும் அவங்களுக்குத்தான். ரெண்டு வருஷத்துல, 1623ல, இங்கிலீஷ்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. அதே வருஷம் அம்போய்னா தீவுல இங்கிலீஷ் வணிகர்களை டச்சுக்காரங்க கொன்னுட்டாங்க. அதோட உறவே கசந்து போச்சு.

அப்புறமும் ஏரியை விட மனசில்லை போல. 1626ல அதே ஏரியோட வடக்குப் பக்கம், இன்னைக்கு ஆந்திராவுல இருக்கிற துகராஜபட்டினத்துல கடை போட்டாங்க. அவங்க அதுக்கு வெச்ச பேர் ஆர்மகான். அங்க துணி சரியா கிடைக்கலை. அங்க தலைமை அதிகாரியா இருந்த பிரான்சிஸ் டே வேற இடம் தேடித் தெற்கே வந்தார். 1639ல மதராசப்பட்டினத்து மணல்மேட்டுக்கு அனுமதி கிடைச்சது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

டச்சுக்காரங்க 1825 வாக்குலதான் பழவேற்காட்டை மொத்தமா விட்டுக் குடுத்தாங்க. கோட்டை இருந்த இடம் இப்ப முள்ளுக்காடு. அங்கேயே தங்கிட்டவங்களைப் பாக்கணும்னா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு சிற்பம் நின்னு வரவேற்கும். தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு.

ரயில் வர்றதுக்கு முன்னாடி, இந்தப் பக்கம் போறவங்களுக்கு படகுதான் வண்டி, படகுதான் படுக்கை. 1806ல எண்ணூர் வரைக்கும் வெட்டின கால்வாய் வடக்கே நீண்டு பழவேற்காட்டைத் தாண்டிப் போச்சு. 1876-78 பஞ்சத்துல கூலிக்கு ஆள் வெச்சு இன்னும் வெட்டி, பக்கிங்காம் கால்வாய்னு பேர் வெச்சாங்க. 1899ல கூடூர் வழியா ரயில் வந்ததும் படகுப் பயணம் மெல்ல மெல்ல ஓஞ்சுடுச்சு.

இப்ப நண்பரோட கேள்வி. பெரிய ஓட்டலை எதிர்பார்த்து பழவேற்காட்டுக்குப் போகாதீங்க. ஒரு பக்கம் பறவைகள் சரணாலயம், இன்னொரு பக்கம் 1991லேருந்து கடற்கரையில கட்டடம் கட்ட இருக்கிற விதிகள். எனக்கு இதுல வருத்தமே இல்லை. லாட்ஜ் வேணும்னா பொன்னேரி, ரயில்ல இறங்கி பஸ் பிடிச்சுடலாம். பூநாரைதான் முக்கியம்னா சூலூர்பேட்டையில தங்குங்க. அங்கேருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு ஏரிக்கு நடுவுல போகுது, குளிர்காலத்துல ரோட்டோரத்துலயே நின்னு பாக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

மீனவர் வீடு? குப்பத்துல ஒரு அம்மாகிட்ட கேட்டேன். "திண்ணை இருக்கு தம்பி, படுத்துக்க. ஆனா பாடு எங்களோட முறைன்னா நடுராத்திரியே எழுந்து போயிடுவாங்க, சத்தத்துல நீ எங்க தூங்குவ?"ன்னு சிரிச்சாங்க. பாடுன்னா, ஏரியில எந்த இடத்துல யார் எந்த நாள் வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்கிற ஏற்பாடு. தெரிஞ்சவங்க மூலமா போனா மட்டும் தங்குங்க, சாப்பாட்டுக்குக் காசு குடுத்துடுங்க.

படகு விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு சுற்றுலா வந்த குடும்பங்களோட படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. உயிர்காக்கும் சட்டை இல்லாம ஏறினவங்க. அதுக்கப்புறம் சவாரிக்குத் தடை வந்தது. கரையில யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு"ன்னு கூப்பிட்டா, அனுமதி இருக்கா, சட்டை இருக்கான்னு ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் காலை வைங்க.