குழாய் உடைந்துவிட்டதா? பிளம்பர் வரும் வரை செய்ய வேண்டியவை

டவுனில் போன் செய்தால் சிறிது நேரத்தில் பிளம்பர் வந்துவிடுவார். தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் வந்து சேர சாயங்காலம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். அதற்குள் தொட்டி காலியாகிவிடும், தரையில் அடுக்கிய நெல் மூட்டை நனைந்துவிடும். குழாய் உடைந்ததைப் பார்த்ததும் கையால் பொத்திப் பிடிக்க ஓடுபவர்கள்தான் அதிகம். அது கடைசி வேலை. முதலில் மின்சாரம், அடுத்து தண்ணீர், பிறகு பொருட்கள், அதன் பின்னரே குழாய். இந்த வரிசை வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. மோட்டாரை நிறுத்துங்கள்

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் தண்ணீர் அடித்தாலோ, அதன் கீழே தண்ணீர் தேங்கியிருந்தாலோ கிட்டே போகாதீர்கள். காய்ந்த இடத்தில் நின்றபடி மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். முடியாவிட்டால் மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அங்கே முதலில் வர வேண்டியவர் பிளம்பர் அல்ல, எலக்ட்ரீஷியன்.

2. வால்வை மூடுங்கள்

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் உள்ள கேட் வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். பால் வால்வாக இருந்தால் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் போதும். நெடுநாள் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். ஒரே மூச்சில் முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்துவிடும். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் திருகுங்கள்.

கசிவு சிறியது என்றால், மூடுவதற்கு முன் மாடுகளுக்கும் சமையலுக்கும் வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கசிவுதானே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஒழுகினாலும் ஒரு நாளில் 1,440 லிட்டர் வீணாகும். 1,000 லிட்டர் தொட்டி 17 மணி நேரத்துக்குள் காலியாகிவிடும்.

3. மூட்டைகளைக் காப்பாற்றுங்கள்

நெல், விதை, உர மூட்டைகளை மரப்பலகை அல்லது கட்டிலின் மேல் ஏற்றுங்கள். நனைந்த தானியத்தை மூட்டையிலேயே விட்டால் சூடேறி முளைவிடும், பூசணம் பிடிக்கும். நனைந்ததைத் தனியே பிரித்து, அன்றே மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள்.

4. தற்காலிகக் கட்டு

குழாயில் விரிசல் என்றால் பழைய சைக்கிள் டியூப் நன்றாகக் கைகொடுக்கும். அதை ஓர் அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள். விரிசலுக்கு மூன்று அங்குலம் முன்பே தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி சுற்றுங்கள். விரிசலைத் தாண்டியும் மூன்று அங்குலம் சுற்றி, கட்டுக்கம்பியால் முடியுங்கள். பிறகு வால்வைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். தொட்டித் தண்ணீரை இது ஓரளவு தாங்கும். மோட்டாரின் அழுத்தத்தை நம்பி விடாதீர்கள்.

டெஃப்லான் டேப் மரையில் சுற்றுவதற்கு மட்டுமே, விரிசலை அடைக்காது. பி.வி.சி. பசையும் ஈரத்தில் ஒட்டாது. குழாயை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே பூச வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அருகில் பீடி, அடுப்பு கூடாது.

5. கழிவறை அடைத்துக்கொண்டால்

கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். ரப்பர் பம்ப்பால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே கூடாது. விஷமான குளோரின் வாயு கிளம்பும்.

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதோ, ஆளை இறக்குவதோ கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு சில நொடிகளில் மயக்கமடையச் செய்யும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறந்துபோகும் செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கழிவுநீர் லாரியை மட்டும் அழையுங்கள். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காமல் 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

6. பிளம்பரிடம் என்ன சொல்வது?

குழாய் அரை அங்குலமா, முக்கால் அங்குலமா, பி.வி.சி.யா, சி.பி.வி.சி.யா, இரும்பா, உடைந்தது நேர்க்குழாயா, எல்போவா, டீயா என்று சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. சரியான சாமானோடு அவர் வருவார். கடைக்குத் திரும்பப் போகும் நேரம் மிச்சமாகும்.

இன்றே செய்யுங்கள்

பழைய டியூப், கட்டுக்கம்பி, ரெஞ்ச், டார்ச், உங்கள் குழாய் அளவுக்கு இரண்டு எண்ட் கேப் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கையெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களைச் சுவரில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை எல்லா வால்வையும் மூடித் திறந்து பாருங்கள். நீங்கள் வயலில் இருக்கும்போது குழாய் உடைந்தால், வீட்டில் இருப்பவர்தான் அதை மூட வேண்டும். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் காட்டி வையுங்கள்.