மண்ணில் புதைந்த கலிமா: பழங்காசுகளை அடையாளம் காணும் கலை

நிலத்திலிருந்து கண்டெடுத்த பழங்காசுக்கு மார்க்கச் சட்டம் என்ன? காசின் மீதுள்ள எழுத்தைப் பாருங்கள் என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் தந்த வழிகாட்டல். கலிமா, குர்ஆன் வசனம், கலீஃபாவின் பெயர் போன்ற இஸ்லாமிய அடையாளம் இருந்தால், அது ஒரு முஸ்லிம் தவறவிட்ட பொருளாகக் கருதப்பட்டு ‘லுகதா’ சட்டத்தின் கீழ் வரும்; உரியவரைத் தேடி அறிவிப்புச் செய்ய வேண்டும். இஸ்லாத்துக்கு முந்தைய மக்களின் அடையாளம் இருந்தால் அது ‘ரிகாஸ்’. அதில் ஐந்தில் ஒரு பங்கு செலுத்தப்பட வேண்டும் என்று நபிமொழி கற்பிக்கிறது. எனவே, காசை வாசிக்கும் அறிவு ஒருவரின் உரிமையைப் பேணும் அறிவாகவும் இருந்தது.

அந்த அறிவுக்கு இன்று இங்கிலாந்தின் வயல்வெளிகளிலும் வேலை இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் கருவியுடன் நடப்போரின் கைகளில் இடைக்கால வெள்ளிக் காசுகள் அடிக்கடி சிக்குகின்றன. அக்காலத்தில் காசு கையால் அடித்தே செய்யப்பட்டது. கீழ் அச்சின் மேல் வெள்ளி வில்லையை வைத்து, அதன் மேல் மற்றோர் அச்சை நிறுத்திச் சுத்தியலால் அடிப்பார்கள். அதனால் உருவம் நடுவிலிருந்து விலகியிருக்கும். சில எழுத்துகள் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். ஒரு காசைப் போல மற்றொன்று இராது.

ஆங்கிலப் பென்னியை அடையாளம் காணச் சிலுவையே முதல் சான்று. 1180 முதல் 1247 வரை குறுஞ்சிலுவை. 1247 முதல் விளிம்பைத் தொடும் நெடுஞ்சிலுவை. ஓரத்தில் அரசர் பெயரும், மறுபக்கத்தில் நாணயம் அடித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். ஆனால் குறுஞ்சிலுவைக் காசில் ‘ஹென்ரிகஸ்’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ரிச்சர்ட், ஜான் ஆகியோர் ஆண்ட காலத்திலும் அதே பெயரே பொறிக்கப்பட்டது. எழுத்தின் வடிவையும் அடித்தவர் பெயரையும் ஒப்பிட்டே காலத்தைப் பிரித்தறிய இயலும்.

இஸ்லாமிய திர்ஹமோ தன் பிறப்பைத் தானே சொல்லும். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) உருவங்களை நீக்கி, எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை வெளியிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திர்ஹமும் அவ்வாறே மாறியது. ஒரு பக்கத்தின் நடுவே ஏகத்துவக் கலிமா. அதைச் சுற்றி ‘பிஸ்மில்லாஹ்’ எனத் தொடங்கி, அடிக்கப்பட்ட ஊரும் ஆண்டும். ஆண்டு இலக்கத்தில் இராது, சொற்களில் இருக்கும். கூஃபி எழுத்தில் புள்ளிகள் இல்லாததால் ‘ஸப்உ’ (ஏழு), ‘திஸ்உ’ (ஒன்பது) ஆகிய இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அப்பாஸியர் காலத்துப் பிற்காசுகளில் கலீஃபாவின் பெயரும் சேர்ந்ததால், அதைக் கொண்டு ஆண்டைச் சரிபார்க்கலாம்.

இக்காசுகள் அவ்வளவு தொலைவு சென்றது எப்படி? மத்திய ஆசியாவின் சாமானிய அமீர்கள் வெளியிட்ட வெள்ளி, மென்மயிர்த் தோலுக்கும் அடிமைகளுக்கும் விலையாக வோல்கா ஆற்று வழியே வடக்கே சென்றது. வைக்கிங் வணிகர்கள் காசை எண்ணவில்லை. எடைபோட்டார்கள், தேவைக்கேற்ப வெட்டினார்கள். அதனால் வெட்டுண்ட திர்ஹம் துண்டுகளும் வடநாட்டு மண்ணில் கிடைக்கின்றன.

2007இல் யார்க்ஷயரின் ஹாரோகேட் அருகே ஒரு தந்தையும் மகனும் வெள்ளிக் கிண்ணமொன்றைக் கண்டெடுத்தனர். உள்ளே இருந்ததைக் கிளறிப் பார்க்க ஆசை எழாமல் இராது. அவர்கள் அப்படியே அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியக வல்லுநர்கள் அடுக்கடுக்காகப் பிரித்தபோது 617 காசுகள் வெளிப்பட்டன. சமர்கந்தில் அடித்த திர்ஹமும் அவற்றில் இருந்தது. பிரிட்டன் முழுவதற்கும் அரசன் என்று அதெல்ஸ்தானைக் குறிக்கும் காசு கிடைத்ததால், 927ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட செல்வம் எனக் காலமும் தெளிவாயிற்று. ஒவ்வொரு காசும் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் இச்செய்தி நமக்குக் கிட்டியிராது.

கலிமா இருப்பதாலேயே அது முஸ்லிம்கள் அடித்த காசு என்றும் கொள்ளக் கூடாது. எட்டாம் நூற்றாண்டில் மெர்சியாவை ஆண்ட ஓஃபா மன்னர், ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்துப் பொற்காசு வெளியிட்டார். அரபு வரிகளுக்கிடையே ‘ஓஃபா ரெக்ஸ்’ என லத்தீன் எழுத்துத் தலைகீழாக நிற்கிறது. அச்சைச் செதுக்கியவர் அரபு அறியாதவர் என்பதற்கு அதுவே சான்று. கலிமாவின் பொருள் அறியாதோரும் அதைப் பொறித்தார்கள் என்றால், முஸ்லிம்களின் நாணயத்துக்கு அன்றைய சந்தையில் இருந்த மதிப்பை உணரலாம்.

பிரிட்டனில் வாழும் நம் பிள்ளைகள் இத்தேடலில் ஈடுபடுவதாயின் சில கடமைகளை அறிந்திருக்க வேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது. தேய்ந்த எழுத்து மீளாது. கிடைத்த இடத்தை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் கிடைத்த, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளி, பொற்காசுகள் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலாகும். 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். காசின் சொந்தக்காரர் மண்ணோடு மண்ணாகிப் போயிருக்கலாம். எனினும் அது சொல்லும் செய்தி பின்வருவோர் அனைவருக்கும் உரிய அமானிதம். அதை ஒளிக்காமல் உரியவர்களிடம் சேர்ப்பதே முஃமினுக்கு அழகு.